அக்காவைக் குலுக்காத வண்டி

மழைக்காலம் ஒருவழியாக முடிந்துவிட்டது. உப்பளத்துக்காரர்கள் பாத்தியில் நிற்கிற மழைத்தண்ணியை மோட்டார் வைத்து இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆத்தூர் ரோடு மறுபடி ரோடாகிவிட்டது. எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் அந்த நீல ஜீப் நிற்கிறது. வாசல்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறேன். ஒரு வருஷமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இப்போது இல்லை. அந்த வண்டி வந்து சேர்ந்த கதையை இனிமேல் பதறாமல் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். விட்டால் உடம்பில் தண்ணீர் தங்கும். முதலில் கால் வீங்கும், அப்புறம் மூச்சு முட்டும். இருப்பதோ புன்னைக்காயலில், ஆறு கடலில் விழுகிற இடத்தில். நானும் அதே ஊரில் மூணு தெரு தள்ளி இருக்கிறேன். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரே ஒரு ரோடு. மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தால் அந்த ரோடு எங்கே இருந்தது என்று தேட வேண்டும்.

"பேசாமல் தூத்துக்குடியில் ஒரு வீடு எடுத்து அக்காவைக் கொண்டு போய் வைத்துவிடு" என்று யோசனை சொல்லாத ஆளே கிடையாது. நான் சொல்லிப் பார்க்காமலா இருந்தேன்? "மூணாவது மாடியில என்னயக் கொண்டு வச்சிட்டு நீ கீழ நின்னு பாப்பியா? கடல் சத்தம் கேக்காம எனக்கு உறக்கம் வராதுலே" என்றாள். அக்காவோடு வாதாடி ஜெயித்த ஆள் எங்கள் குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. அத்தான் உயிரோடு இருந்தவரைக்கும் அவருக்கும் அதே கதிதான்.

போன வருஷ மழையில் வாடகைக் கார்க்காரன் ஆத்தூரிலேயே நின்றுகொண்டு போன் போட்டான். "சைலன்சர்ல தண்ணி ஏறிரும் அண்ணே, மன்னிச்சிருங்க" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வெள்ளி போனது. அடுத்த செவ்வாயும் போனது. புதன்கிழமை காலையில் அக்காவால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். ஃபைபர் வள்ளத்தில் பாயை விரித்து, அவளைச் சாய்த்து வைத்து, ஆற்று வழியாக எதிர்த்துப் போய் முக்காணிப் பாலத்துப் பக்கம் கரையேற்றினோம். நாலு பேர் தூக்கினார்கள். பிழைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அடுத்த மழைக்கு ரோடு போச்சுன்னா என்னய விட்டுருலே. மீன் பெட்டியத் தூக்குத மாதிரி நாலு பேரு என்னயத் தூக்கிட்டு அலைய வேண்டாம். எனக்கும் போதும்னு ஆயிட்டு. மாதா மேல சத்தியம் பண்ணு."

அந்த நேரத்தில் அவளைச் சமாதானப்படுத்தினால் போதும் என்று "சரிக்கா" என்று தலையை ஆட்டித் தொலைத்தேன். அன்றையிலிருந்து எனக்கு உறக்கம் போயிற்று. அக்கா சொன்னால் செய்கிற ஆள். ரோடு போனால் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலையோடு உட்கார்ந்துவிடுவாள். அப்படியானால் அடுத்த மழைக்குள், ரோடு இல்லாவிட்டாலும் ஓடுகிற வண்டி ஒன்று என் வாசலில் நிற்க வேண்டும். அவளை யாரும் தூக்கக் கூடாது, அவளே ஏறி உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நான் இருபத்தெட்டு வருஷம் கப்பலில் இன்ஜின் அறையில் கிடந்தவன். இன்ஜினைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். புது வண்டிகளைப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. முன்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற காரை உசத்திக் கட்டி, கூரையில் ரெண்டு கம்பியை வைத்து, மலை உச்சியில் நிற்கிற மாதிரி விளம்பரம் போடுகிறார்கள். எங்கள் ஊர் உப்பளக் கரையில் அது பத்தடி போகாது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற நிஜமான வண்டி வேண்டும் என்றால், நம் கைக்கு எட்டுவது பழசுதான்.

பழசில் மூன்று வண்டி அகப்பட்டது. மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். நான் பார்த்தது இன்ஜினையும் கியரையும். தீர்ப்புச் சொன்னது அக்கா. அவளுடைய இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஊசி போடுவதற்காக. தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடும். பள்ளத்தில் வண்டி விழுந்தால் அந்த இடம் விண்விண் என்று தெறிக்குமாம். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது கேட்கவே வேண்டாம், பிழிந்து போட்ட துணிதான். அதனால் எந்த வண்டியானாலும் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

முதல் வண்டி காயல்பட்டினத்தில். வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருஷம் இருந்து ஊர் திரும்பிய காக்கா ஒருத்தர் வைத்திருந்தார், அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். சாம்பல் நிறம், யானைக்குட்டி அளவு. அந்தக் குறுகிய சந்திலிருந்து அதை வெளியே எடுக்கவே அரை மணி நேரம், எதிரே வந்த ஸ்கூட்டர் எல்லாம் பின்னால் போக வேண்டியதாயிற்று. ஆனால் ரோட்டில் ஏறியதும், அடேயப்பா, என்ன ஓட்டம். வளைவில் திருப்பினால் திருப்பின இடத்தில் நிற்கிறது, பள்ளம் வந்ததே தெரியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்குலே" என்றாள். காக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓட்டத்துல இதுக்கு நிகர் இல்ல தம்பி" என்றார்.

உப்பளக் கரையில் இறக்கினேன். ஈரம் கொஞ்சம்தான். அந்தக் கனத்துக்கு முன்சக்கரம் இரண்டும் களிமண்ணில் அரையளவு இறங்கிவிட்டது. ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கரையேறியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. என்ன விளக்கு என்று கேட்டேன். "அது அப்பப்போ எரியும், தானா அணைஞ்சிரும்" என்றார் காக்கா. ஏதாவது போனால் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, "அங்கன இருந்து யாராவது வரும்போது கொண்டு வரச் சொல்லலாம்" என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் சாமான் வரட்டும் என்று அக்கா உடம்பு காத்திருக்குமா? நல்ல மனுஷர், நல்ல வண்டி, நமக்குத் தோது இல்லை. இறங்கும்போது அக்கா அந்த சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அதைப் பார்த்து எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

இரண்டாவது வண்டி என் மச்சினனுடையது, என் வீட்டுக்காரியின் தம்பி. வெள்ளை நிறம், சின்ன பெட்ரோல் வண்டி, மேலே ரெக்சின் கூடாரம். அதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். "அத்தான், உங்க டீசல் எல்லாம் எருமை. இது வெள்ளாட்டுக்குட்டி" என்பான். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். கடற்கரை மணலில் டயர் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு ஓட்டினால் அது மணலைத் தொடாமலே போகிற மாதிரி போகும். எடை இல்லை, அதனால் புதைவதில்லை. சேற்றிலும் அப்படியே. ஆனால் லேசான வண்டிக்கு ஒரு குணம் உண்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குதி குதிக்கும். கால் மைல் போவதற்குள் அக்கா வலது கையால் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துலே. ஆட்டுக்குட்டி நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் ஆகாது" என்றாள். மச்சினன் முகம் சுருங்கிப் போனது. அதோடு தண்ணீரில் இறங்கினால் அதன் கரண்டு சமாசாரம் நனைந்து இன்ஜின் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

மூன்றாவதுதான் நீல ஜீப். சாத்தான்குளம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி வைத்திருந்தார், தேரியில் பனங்கட்டை இழுத்த வண்டி. தேரி என்றால் செம்மண் மணல் மேடு, காலை வைத்தால் கணுக்கால் புதையும். அண்ணாச்சி இறங்கி, முன்சக்கரத்துக்கும் இழுவை போகிற மாதிரி ஒவ்வொரு முன்சக்கரத்தின் குடத்திலும் இருந்த பூட்டைக் கையால் திருகிவிட்டு, லோ கியரைப் போட்டு, காலை எடுத்துவிட்டார். வண்டி தானாக முனகிக்கொண்டே அந்த மேட்டில் ஏறியது. அவசரமே இல்லை. நடுவழியில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். மறுபடி எடுக்கச் சொன்னேன், எடுத்தார். கப்பலில் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது, எல்லாம் செத்தாலும் அது சாகாது. அந்தச் சத்தம் இந்த ஜீப்பில் கேட்டது. எனக்குப் பிடித்துப் போயிற்று.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டீரிங்கைக் கால் வட்டம் திருப்பின பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். ரோட்டில் நாற்பதுக்கு மேல் போனால் கதவு நாலும் தனித்தனியாகப் பேசும். ஸ்பிரிங்கோ இரும்புப் பட்டையை அடுக்கி வைத்தது, ஒவ்வொரு பட்டையிலும் துரு. பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே முதுகுத்தண்டில் இறங்கும். தேரியிலிருந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்ததும் அக்கா இறங்கி மரத்தடியில் நின்று வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "இதுல போறதுக்கு நான் நடந்தே போயிருவேன்" என்றாள்.

ஆனாலும் அதைத்தான் வாங்கினேன். வீட்டில் ஒருத்தரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று. செவ்வாய் காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்க வேண்டும். பிடிக்காத மெத்தைவிடப் பிடிக்கிற கட்டை மேல் என்று நினைத்தேன். எது போனாலும் முக்காணியிலோ ஆத்தூரிலோ ஏதாவது ஒரு கடையில் சாமான் கிடைக்கும். குலுக்கலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குலுக்கலைத்தான் பார்க்க முடியவில்லை. சீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு வைத்தேன். டயர் காற்றைக் குறைத்தேன். ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவிவிடலாமா என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், "எதுக்கு, நடு ரோட்டுல ஒடியுததுக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் செவ்வாயும் வெள்ளியும் ஏறி உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் மனசுக்குள் மழையை எதிர்பார்க்கிறாள், இந்த அலைச்சல் முடிந்தால் சரி என்று இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் துரு. உப்பளத்துச் சேறு பட்ட இரும்பு ஒரு மாசத்தில் அப்பளமாகிவிடும். மழைக்கு முன்னால் வண்டி அடிப்பாகத்துக்கு ஏதாவது பூச வேண்டும். கடையில் விற்கிறதைப் பூசியிருக்கலாம். நான் கடற்கரைக்காரன் இல்லையா? எங்கள் ஊரில் மர வள்ளத்தைக் கரையேற்றினால் மீன் எண்ணெயைக் காய்ச்சித் தும்புத் தூரிகையால் அடிப்பலகை முழுக்கப் பூசுவோம். உப்புத்தண்ணி உள்ளே இறங்காது. மரத்துக்கு ஆகிறது இரும்புக்கு ஆகாதா? ஒரு டின் எண்ணெய் வாங்கி வந்து, ஜீப்பைக் கட்டை மேல் ஏற்றி, அடியில் படுத்து, வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரியே ஒரு இடம் விடாமல் குளிக்கக் குளிக்கப் பூசினேன். சேசிஸ், ஸ்பிரிங், அச்சு, சக்கரத்துக்கு உள்பக்கம் எல்லாம். இருபத்தெட்டு வருஷம் இன்ஜின் அறையில் இருந்தவன் செய்கிற காரியமா அது? பிரேக் இருக்கிற இடத்தில் எண்ணெய் போகக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. என் கையில் இருந்தது தூரிகை, கண்ணுக்குத் தெரிந்தது வள்ளம்.

மறுநாள் காலையில் ஜீப்புக்கு அடியில் ஐந்து பூனை. என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணு இந்த வண்டி இங்கன நிக்கணும், இல்ல நான் நிக்கணும்" என்றாள். அதைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை அக்காவை ஏற்ற வந்தபோது எனக்கே பயம், ஏற்கெனவே குமட்டலோடு இருக்கிற உடம்பு. அக்கா ஏறி உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள்.

"என்னலே இது, கருவாட்டு வாசம்?"

அக்காவுக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் கருவாட்டை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. பிறந்ததிலிருந்து கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள். அவள் பின்னால் சாய்ந்துகொண்டு, "சோத்துல இல்லாட்டிப் போகுது, வாசமாவது வருதே. இருக்கட்டும்" என்றாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு. அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

அதைவிட அதிசயம் அன்று நடந்தது. வண்டி குலுக்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் மெல்ல அமுங்கி மெல்ல எழும்பியது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் துரு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது, எண்ணெய் இறங்கியதும் வழுக்கிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. முக்காணிப் பாலம் தாண்டியதும் அக்கா, "வண்டிய என்ன பண்ணுன? ஆளே மாறிட்டு" என்றாள். எனக்கு வந்த பெருமையைச் சொல்ல வேண்டுமா? மச்சினனுக்கு அன்று சாயங்காலமே போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். பிரேக் பிடிக்கும்போது வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. டயர் காற்றாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மழை வந்தது. சனிக்கிழமை பிடித்த மழை திங்கள்கிழமை மத்தியானம்தான் கொஞ்சம் ஓய்ந்தது. செவ்வாய் விடியும்போது ஆத்தூர் ரோடு இல்லை, ரோட்டோரத்து வேலிக்கம்பியின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குளித்து வெள்ளைச் சேலை கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கையில் செபமாலை. கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"ரோடு போச்சுதாலே?"

"போச்சு."

"அப்ப சொன்ன சொல்லக் காப்பாத்து."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை, அன்று உயர்த்தினேன். "ரோடு இல்லாட்டியும் போகத்தான் இந்த வண்டிய வாங்கினேன். ஒரு வருஷம் நாய் மாதிரி அலைஞ்சேன். உப்பளக் கரை வழியா கடற்கரைக்குப் போயி, மணல் வழியா காயல்பட்டினத்துல ஏறிட்டா மெயின் ரோடு. யாரும் உன்னயத் தூக்க வேண்டாம், நீயா ஏறி நீயா உக்காரு. முடியாதுன்னா சொல்லு, வண்டிய ஆத்துல தள்ளிட்டு நானும் வந்து இங்கன உக்காருதேன்."

அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றாள். மெல்ல நடந்து வந்து தானே ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும், "இந்த ஒரு தடவைதான். வெள்ளிக்கிழமைன்னு வந்து நிக்காத" என்றாள். சரி என்றேன். முதலில் இந்தச் செவ்வாயைத் தாண்டுவோம் என்று இருந்தது எனக்கு.

மச்சினன் வெள்ளை வண்டியோடு வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. "என் வண்டி லேசு. முன்னால நான் போறேன், கரை தாங்குதான்னு பாத்துட்டு நீங்க வாங்க அத்தான்" என்றான். தூத்துக்குடி துறைமுகத்தில் பெரிய கப்பலுக்கு முன்னால் பைலட் படகு போகிற மாதிரி அவன் முன்னால் போனான், நாங்கள் பின்னால். உப்பளக் கரை ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி நிறைந்து, கரை எது பாத்தி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். அவன் சக்கரம் போன தடத்திலேயே என் சக்கரத்தை வைத்துக்கொண்டு போனேன். அக்கா வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி தூரத்தில் ஒரு மடை உடைந்து கரையின் குறுக்கே தண்ணீர் பாய்ந்தது. மச்சினன் வேகத்தைக் குறைக்காமல் உள்ளே விட்டான். நடுவில் போனதும் இரண்டு தரம் இருமிவிட்டு அவன் இன்ஜின் நின்றது. எனக்கு முன்னால் பத்தடியில் அவன் வண்டி. நான் பிரேக்கில் காலை வைத்தேன். ஜீப் நிற்கவில்லை, இடது பக்கம் பாய்ந்தது. ஸ்டீரிங்கைத் திருப்புகிறேன், சேதி சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முன் இடது சக்கரம் கரையை விட்டு இறங்கிவிட்டது. வண்டி சாய்ந்தது. அக்கா கதவில் போய் இடித்தாள். அந்தப் பக்கம் பாத்தியில் இடுப்பளவுத் தண்ணீர்.

அந்த ஒரு நொடியில் எனக்கு மீன் எண்ணெய் ஞாபகம் வந்தது. வலது பக்கத்துப் பிரேக்கில் எண்ணெய் இறங்கிவிட்டது, இடது பக்கம் மட்டும் பிடிக்கிறது. பாவி, நீயே உன் கையால் அக்காவைக் கொண்டு வந்து தள்ளிவிட்டாயே என்று இருந்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். லோ கியரில்தான் இருந்தேன், அதுதான் காப்பாற்றியது. ஸ்டீரிங்கை வலது பக்கம் பிடித்துக்கொண்டு மெல்ல ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். மற்ற மூன்று சக்கரமும் களிமண்ணைப் பிராண்டின, வழுக்கின, மறுபடி பிராண்டின. தேரியில் முனகின அதே முனகலோடு வண்டி கரை மேல் ஏறி நின்றது. கியரிலேயே இன்ஜினை அணைத்தேன்.

"என்னலே ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. அவன் வண்டியத் தள்ளணும்லா, அதுக்கு ஒதுக்கினேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவள் இடது கையைத் தடவிக்கொண்டாள்.

மச்சினன் இறங்கித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான், முகம் செத்துப்போய். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? படகு கரையில் இடிக்காமல் இருக்கப் பழைய டயரைக் கட்டுவோமே, அதே மாதிரி அவன் ஸ்டெப்னியை இரண்டு வண்டிக்கும் நடுவில் கட்டித் தொங்கவிட்டோம். அவன் போய் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து லோ கியரில் மெல்லத் தள்ளினேன். வெள்ளாட்டுக்குட்டியை எருமை முட்டிக்கொண்டே கரை சேர்த்தது. அவன் வண்டியைக் கடற்கரை ஓரமாக விட்டுவிட்டு எங்கள் ஜீப்பில் பின்னால் ஏறிக்கொண்டான். அவன் காதில் மட்டும் பிரேக் சமாசாரத்தைச் சொன்னேன். அவன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மணலில் ஒரே ஒரு இடத்தில் புதைந்தோம். கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்திருந்ததால் ஆட்கள் வலையைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினைந்து பேர் வந்து தோளைக் கொடுத்து, வள்ளத்தைத் தள்ளுகிற மாதிரி ஒரே மூச்சில் தள்ளிவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் மூக்கைத் தூக்கி, "என்ன மீன் ஏத்திட்டுப் போறீய அண்ணே?" என்று கேட்டான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காயல்பட்டினத்தில் தார் ரோட்டைப் பார்த்ததும் எனக்கு உசிர் வந்தது. அங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் பிரேக்கைத் தொடவே இல்லை. தூரத்தில் ஆள் தெரியும்போதே கியரைக் குறைப்பது, மாடு தெரிந்தால் அதைவிட முன்னாலேயே குறைப்பது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். ஆஸ்பத்திரி வாசலில் கியரிலேயே நிறுத்தினபோது மணி ஒன்பதரை. எட்டு மணிக்கு வர வேண்டியவள். மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பார்களோ என்று இறங்கி ஓடினேன். நர்ஸ் வெளியே வந்து, "மழைக்கு யாருமே வரல அண்ணே. நீங்க வந்துட்டீங்களே, கூட்டிட்டு வாங்க" என்றாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. எடை பார்த்தார்கள், உடம்பில் நிறையத் தண்ணீர் ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் ரொம்பச் சிரமமாகியிருக்கும் என்றார்கள்.

அக்காவை உள்ளே கொண்டு போனதும் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது, ஓ என்று அழுதேன். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து டீயைக் கையில் கொடுத்தான். "எருமைதான் அத்தான் எருமை" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நாலு மணி நேரம் கழித்து அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வாடியிருந்தாலும் மூச்சு சீராக இருந்தது, கால் வீக்கம் வற்றியிருந்தது. உப்பில்லாத இட்லி ஒன்றைப் பிட்டு மெல்ல மென்றாள். இனிமேல் அவளை வற்புறுத்தக் கூடாது, இந்த ஒரு தடவை வந்ததே போதும், வெள்ளிக்கிழமையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று நான் எனக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தேன். அவளை ஏற்ற ஜீப் கதவைத் திறந்தேன். அவள் ஏறவில்லை. முன்சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, பிரேக்கு இடது பக்கம் இழுக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணி வச்சிரு" என்றாள்.